25 புள்ளி எங்கே போனது?

நண்பர்களுக்காக நான் எழுதிய வியூக விளையாட்டில் தரவரிசைக்கு ஈலோ முறையை வைத்திருந்தேன்; எதிராளியின் புள்ளியைப் பார்த்து, வெற்றி தோல்விக்கு ஏற்பப் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் முறை அது. தொடக்கம் 1500; ஒரே ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு வரை மாறலாம் என்று சொல்லும் கே மதிப்பு 32. ஒரு சனிக்கிழமை இரவு, 1720 புள்ளியில் இருந்தவர் புதிதாகச் சேர்ந்தவரிடம் தோற்று ஒரே ஆட்டத்தில் 25 புள்ளிகளை இழந்தார். கோபம் வராதா? அந்தப் 'புதியவர்' இத்தகைய விளையாட்டுகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய 1500 வெறும் ஊகம். என் நிரலோ அதை அளந்தெடுத்த எண்ணாக நம்பியது.

முதலில் கே மதிப்பைப் பாதியாக்கினேன். இழப்பு குறைந்தது, ஆனால் புதியவர்கள் தம் உண்மையான இடத்துக்கு ஊர்ந்துதான் வந்தார்கள்.

பிறகு மார்க் கிளிக்மன் 1995இல் வகுத்த கிளிக்கோ முறைக்கு மாறினேன். அதில் தர எண்ணோடு, அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் விலகல் எண்ணும் உண்டு; விலகல் பெரிதானால் நம்பிக்கை குறைவு. புதியவருக்கு 350; நிறைய ஆடியவருக்கு 50 என்று வைத்து அதே ஆட்டத்தைக் கணக்கிட்டேன். பழையவருக்கு இழப்பு ஏறத்தாழ 7. புதியவரோ ஒரே தாவலில் 1821!

ஒரே வெற்றியில் பழையவரை முந்துவது அடுத்த சண்டைக்கு வித்து. ஆகவே தர எண்ணிலிருந்து விலகலின் இரு மடங்கைக் கழித்தே பட்டியலில் காட்டினேன். அந்த ஆட்டத்துக்குப் பின் புதியவரின் விலகல் 270ஆகக் குறைந்திருந்ததால் அவருக்கு 1281, பழையவருக்கு 1613. அடுத்த சனிக்கிழமை இரவு புகார் சொல்லித் தொலைபேசி அடிக்கவில்லை.