11 கேவி பேனல் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பிள்ளைகள் பலர் 230 வோல்ட் வயரிங்கில் கைதேர்ந்த பிறகு 11 கேவி (11,000 வோல்ட்) ஸ்விட்ச் பேனல் வேலைக்கு வருகிறார்கள். இங்கே செய்கிற தவறு அன்றைக்கே தெரியாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, வேறு யாரோ பேனலுக்கு முன்னால் நிற்கும்போது வெடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு பேனல் வந்து இறங்கும்போதே நடக்கிறது. கட்டடம் முடியவில்லை என்று பிளாஸ்டிக் உறையோடு மாதக்கணக்கில் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கிறது. உறைக்குள் மாட்டிய ஈரம் இரவில் குளிர்ந்து எபாக்சி இன்சுலேட்டர்மேல் வியர்த்து நிற்கும். உப்பும் தூசியும் அதோடு சேர்ந்தால், மின்சாரம் கொடுத்த பிறகு மேற்பரப்பில் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (சிறு சிறு மின்பொறி) தொடங்கி இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அறைக்குள் நுழைந்ததும் ஓசோன் நெடி அடித்தாலோ, ஷட்டவுனில் பார்க்கும்போது இன்சுலேட்டரில் வெள்ளைப் பொடி தெரிந்தாலோ, அது ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பேனலுக்குள் ஹீட்டர் இருப்பதே இந்த ஈரத்துக்காகத்தான். கிடங்கில் இருக்கும்போதே அதற்குத் தற்காலிக சப்ளை கொடுங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளையும் அன்றே அடையுங்கள். ஈரமும் எலியும் அந்த வழியாகத்தான் வரும்.

ஜோகன்னஸ்பர்க் வேலை என்றால் கவலை வேறு. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். ஐஇசி 62271 என்ற சர்வதேச ஸ்விட்ச் பேனல் தரநிலை சொல்லும் சாதாரண நிலைமை 1,000 மீட்டர் வரைதான். அதற்கு மேலே காற்று மெலிந்து, அதன் இன்சுலேஷன் திறனும் குறையும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் இன்சுலேஷன் மட்டம் தேவை. டர்பனில் நன்றாக ஓடுகிற ஏர் இன்சுலேட்டட் (காற்றையே இன்சுலேஷனாக நம்பும்) பேனலை அப்படியே அங்கே ஆர்டர் செய்யக்கூடாது. சீல் செய்த வாயு டாங்குக்குள் இருக்கும் பாகத்துக்கு இந்தக் கவலை இல்லை.

தரை மட்டமாக இல்லாவிட்டால் பிரேக்கரை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் டிராலி மாட்டிக்கொள்ளும், மின்முனைகளை மறைக்கும் ஷட்டர் சரியாக மூடாது. பஸ்பார் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்காமல் டார்க் ஸ்பேனர் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்கி, பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியைக் கரன்ட் ஓடும்போது ஒருபோதும் ஓபன் சர்க்யூட்டாக விடக்கூடாது. ஆபத்தான வோல்டேஜ் வரும்.

அப்புறம் கேபிள் டெர்மினேஷன், அதாவது கேபிள் முனையைத் தயார் செய்து பேனலில் இணைப்பது. கறுப்பு செமிகான் (அரைக்கடத்தி) அடுக்கை உரிக்கும்போது கத்தி முனை உள்ளே இருக்கும் எக்ஸ்எல்பிஇ பிளாஸ்டிக் இன்சுலேஷனைக் கீறிவிட்டால், அந்த மெல்லிய கோட்டில் காற்று தங்கும். டிஸ்சார்ஜ் அங்கேதான் பிறக்கும். கீறல் தெரிந்தால் டேப் சுற்றி மறைக்காதீர்கள். கிட்டோடு வந்த குறிப்பு அனுமதிக்கிற அளவுக்குத் தேய்த்து வழவழப்பாக்குங்கள், முடியாவிட்டால் வெட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். பழைய பழக்கத்தில் எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு டி.சி. பிரஷர் டெஸ்ட் போடுவதும் தவறு; 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) டெஸ்ட் போடுங்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது மூடி போல்ட் விஷயத்தில்தான். பத்து போல்ட் போட வேண்டிய மூடியில், பிறகு திறக்க வேண்டியிருக்கும் என்று நான்கோடு நிறுத்துவார்கள். உள்ளே ஆர்க் (மின்தீப்பிழம்பு) அடித்தால் ஆளைக் காக்கும் என்று அந்தப் பேனலைச் சோதித்தது எல்லா போல்ட்டும் இருக்கும் நிலையில்தான். ஒரு போல்ட் குறைந்தாலும் அந்தச் சோதனையை நம்பி அங்கே நிற்க முடியாது. மேலே அழுத்தம் வெளியேறும் மடலுக்கு எதிரே கேபிள் டிரேயோ ஏசி டக்ட்டோ ஓட்டினாலும் அதே ஆபத்து.

கடைசியாக, லோட் ஷெடிங் என்றால் லைன் செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைப்பது. எப்போது வேண்டுமானாலும் சப்ளை திரும்பும்; பக்கத்து ஜெனரேட்டரும் சோலாரும் பின்பக்கமாக ஊட்டும். ஐசொலேட் செய்து பூட்டுப் போடுங்கள். வோல்டேஜ் டிடெக்டரை மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதித்து, பிறகு உங்கள் லைனில் பார்த்து, மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதியுங்கள். எர்த் போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.