தோணிப் பயணத்தை முடிக்கும் விதம்

மட்டக்களப்பு வாவியில் நாலைந்து நாள் தோணியில் போகப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். தோணி யாருடையது, அரிசி எவ்வளவு, இரவில் எங்கே படுக்கை என்று எல்லாரும் புறப்படுவதைப் பற்றியே கேட்பார்கள். எப்படி முடிப்பீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அனேகமான பயணங்கள் கடைசி நாளில் கெட்டுப்போவது இதனால்தான். இருட்டுமுன் கரை சேர விழுந்தடித்துத் துடுப்பு வலித்து, பஸ்ஸுக்காக மூட்டைகளை வாரிக்கட்டி, வீட்டுக்குப் போய் அடித்துப்போட்டது போல் தூங்கி எழும்பினால், நடந்தது அம்பிளாந்துறையிலா குருமண்வெளியிலா என்பதே குழம்பியிருக்கும்.

நான் கல்லடியில் பள்ளிக்கூட ஆசிரியை. ஆகஸ்ட் விடுமுறையில் அண்ணா, மச்சாள், நான், தோணிக்கார மாமா என்று நாங்கள் வாவியில் இறங்குவது வழக்கம். கல்முனைக்குப் பக்கத்தில் கிட்டங்கியில் ஏறுவோம். துறைநீலாவணை, மண்டூர், பட்டிருப்புப் பாலம், அம்பிளாந்துறை, மண்முனை என்று வடக்கே வந்து மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இறங்குவோம். முழு வாவியே 56 கிலோமீற்றர் நீளம்தான். நேரே வலித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். நாங்கள் நேரே வலிப்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, கடைசி இரவை ஊருக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்வது. புளியந்தீவு வெளிச்சம் கண்ணில் பட்டதும் 'இன்னும் கொஞ்சத் தூரம்தானே' என்று மனம் இழுக்கும். இழுக்க விடாதீர்கள். எங்களுக்குத் தோதான இடம் கொக்கட்டிச்சோலைப் பக்கம். அங்கிருந்து விடியற்காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சோற்றுக்கு முன் இறங்கிவிடலாம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் யானைப் பயம் உண்டு, வாவியில் முதலையும் உண்டு. ஆகவே கரையோரம் கூடாரம் அடிக்கிற வீரமெல்லாம் வேண்டாம், தெரிந்தவர் வீட்டு விறாந்தை போதும். கோயில் திருவிழாக் காலமென்றால் அந்த விறாந்தையும் நிறைந்துவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்த இரவுதான் பயணத்தை நினைத்துப் பார்க்க ஏற்ற நேரம். உடம்பு களைத்திருந்தாலும் பயணம் இன்னும் முடியவில்லை, வீட்டுக் கவலைகளும் வந்து சேரவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு கொப்பியை எடுத்து, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் முதலில் எழுதுங்கள். கதைத்துவிட்டு எழுதினால், யார் குரல் பெரிதோ அவருடைய ஞாபகம்தான் எல்லாருடைய கொப்பியிலும் ஏறும். எங்கள் வீட்டில் அது அண்ணாவுடையது.

'எது பிடித்தது' என்று மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். 'எல்லாம் நல்லா இருந்தது' என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கே பயந்தோம், எங்கே வலிக்கச் சலிப்பாக இருந்தது, வழியில் சந்தித்த யார் என்ன சொன்னார், எந்தத் துறையில் தண்ணீரின் நிறம் மாறியது, இப்படிக் கேளுங்கள். சண்டை பிடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். பயணத்தில் சண்டை வராத குடும்பத்தை நான் இன்னும் காணவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குருமண்வெளித் துறைக்குக் கிட்ட, மண்டூரிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த 'பாதை' என்கிற மிதவைப் படகுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே ஒரு அம்மா, ஈரச் சாக்கு போர்த்திய தயிர்ச்சட்டிகளை இரண்டு காலுக்கும் இடையில் அணைத்தபடி நின்றார். என் கொப்பியில் அவ்வளவுதான். அவர் சங்கிலியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை மச்சாள் எழுதியிருந்தா. அண்ணாவின் கொப்பியில் தயிர்க்கார அம்மாவே இல்லை. பாதை கிளப்பிய அலையில் தோணிக்குள் தண்ணீர் வந்ததும், தன்னுடைய ஒரு செருப்பு மிதந்து போனதும், அதை எடுக்க யாரும் உதவவில்லை என்ற முறைப்பாடும்தான் இருந்தன. மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தத் துறை முழுதாக வருகிறது. ஆகவே ஒன்றையொன்று திருத்த வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

சரி, மறுநாள் காலை. கச்சான் காற்றுக் காலம் என்பதால் வெயில் ஏற ஏறக் காற்றும் பலக்கும். அது மேற்கிலிருந்து வருவதால் படுவான்கரையை ஒட்டி வந்தால் அலை குறைவு. நடு வாவிக்குப் போனால் பக்கவாட்டில் அடித்து நனைக்கும். கரையோரம் வலை கட்டியிருப்பார்கள், முன்னால் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் குறைந்த இடத்தில் துடுப்பை வைத்துவிட்டுக் கம்பூன்றிப் போவதே நல்லது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கேயும் பாதைதான் ஓடியது. பாலத்துக்குக் கீழே போகும்போது மாமா அந்தக் காலத்துக் கதைகளை எடுப்பார். உங்கள் தோணிக்காரரும் எடுப்பார், இடைமறிக்காதீர்கள்.

புளியந்தீவு தெரியத் தொடங்கியதும் கமராவை வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் ஒலியை மட்டும் ஐந்து நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வாவியின் படம் எவரிடமும் கிடைக்கும். உங்கள் துடுப்பு தோணி விளிம்பில் இடிக்கிற சத்தமும் மச்சாளின் இருமலும் வேறெங்கும் கிடைக்காது. வாவியைக் காதால் பிடித்து வைப்பது மட்டக்களப்புக்குப் புதிதும் அல்ல. கல்லடிப் பாலத்தடியில் பாடும்மீன் ஒலியை யேசுசபைக் குருவான லாங் அடிகளார் அந்த நாளிலேயே பதிவுசெய்திருக்கிறார். பூரணையை ஒட்டி முடிப்பவர்கள் இரவில் அங்கே போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காதை வைத்துக் கேட்கலாம். கேட்கவில்லை என்றால் கேட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே இறங்குவது என்பதையும் முதலே தீர்மானியுங்கள். எனக்குக் காந்தி பூங்காவை ஒட்டிய 'மட்டக்களப்பு வாயில்' என்ற இடம் பிடிக்கும். 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய இடம் அது. கூப்பிட வருகிறவர்களை நீங்கள் கரை சேரும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வரச் சொல்லுங்கள். முதலே வந்துவிட்டால் 'கறுத்துப் போனியே', 'சாப்பிட்டியா' என்று தொடங்கி, நீங்கள் தோணியை ஒருதரம் திரும்பிப் பார்க்குமுன் வான் வண்டிக்குள் ஏற்றிவிடுவார்கள்.

காசுக் கணக்கைக் கரையில் வைத்துப் பார்க்காதீர்கள். மாமா எனக்குச் சொன்னது: "இறங்கினாப் பிறகு காசு கதைச்சா முகம் கோணும் டீச்சர், தோணியிலயே முடிச்சிரணும்." வலையிறவுப் பக்கம் வரும்போதே உறையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். மிச்ச அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய் எல்லாம் அவருக்கு. அப்புறம் மூட்டைகளை இறக்கி, தண்ணீரை இறைத்து, தோணியை நல்ல தண்ணீரால் கழுவிக் கொடுங்கள். வாடகைத் தோணிதானே என்று அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அடுத்த வருடம் தோணி கிடைப்பது கஷ்டம். துறையில் செய்தி சீக்கிரம் பரவும்.

வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டில் ஆடுவது போல இருக்கும். பயப்படத் தேவையில்லை. நாள்கணக்கில் அசைவுக்குப் பழகிய மூளை, அசையாத தரைக்குத் திரும்பப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். வாரக்கணக்கில் நின்றால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள். எரிச்சலும் வெறுமையும் கூடவே வரலாம். முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் சீறிவிழுவேன் என்று எனக்கே தெரியும் என்பதால், பாடசாலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே பயணத்தை முடித்துக்கொள்கிறேன். படங்களை அன்றிரவே எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் பாதியை நீங்களே அழிப்பீர்கள். அடுத்த பயணத்தைப் பற்றி அந்தக் கிழமையில் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் கொப்பி பக்கத்தில் இருக்கட்டும். தொடாமலே திரும்பி வந்த சாமான்களை எழுதி வையுங்கள், அடுத்தமுறை கட்டும்போது உதவும். எங்கள் பட்டியலில் இப்போது ஒரு குடை, இரண்டு நாவல், ஒரு கிலோ பருப்பு, அண்ணாவின் தூண்டில் ஆகியவை இருக்கின்றன. தூண்டிலை எழுதியது அநியாயம் என்று அண்ணா இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.