தப்பின் முதல் தொடுகையை இழக்காமல்: சாம்பிளரில் ஒலியை வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காலத்தில் இலங்கை மலையகத் தோட்டத்து மக்களை விடியற்காலைப் பிரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) அழைத்ததும், மாசி மாதத்துக் காமன் கூத்திலும் கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் இன்றுவரை ஒலிப்பதும் தப்பு என்ற தோற்பறைதான். அந்த ஓசையைப் பதிவுசெய்து, அகாய் எம்.பி.சி., ரோலண்ட் எஸ்.பி.-404 போன்ற சாம்பிளர்களில் (பதிவுசெய்த ஒலியை வெட்டி, பொத்தானைத் தட்டி ஒலிக்கச் செய்யும் கருவிகளில்) ஏற்றிப் புதிய இசை அமைக்க விரும்பும் மலையக இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பதிவு எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், வெட்டும் இடம் பிசகினால் தப்பு தன் இயல்பான ஓசையில் ஒலிக்காது.

திரையில் மிக உயரமாகத் தெரியும் முகட்டையே ஒலியின் தொடக்கம் என்று கொள்வதுதான் நான் அதிகம் காணும் தவறு. தப்பு அடிப்பவர் ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியையும் மறு கையில் தடித்த குட்டைக் குச்சியையும் பிடித்திருப்பார். பல அடிகளில் மெல்லிய குச்சி தோலை இலேசாகத் தொட்ட பிறகே தடித்த குச்சி விழும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் எடுத்த பதிவில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 மில்லி செக்கன் இருந்தது. செக்கனுக்கு 44,100 அளவைப் புள்ளிகள் கொண்ட பதிவில் அது சுமார் 1,300 புள்ளிகள். ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் இடத்தில் தானாக வெட்டும் வசதியை நம்பி அந்தப் பதிவைத் துண்டு துண்டாக்கினேன். கருவி பெரிய அடியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்திய தொடுகையை விட்டுவிட்டது. அடித்தவரிடமே போட்டுக் காட்டியபோது, "தம்பி, இது தகரத்தில அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். தொடக்கக் குறியை 35 மில்லி செக்கன் பின்னோக்கி நகர்த்தியதும் அவருடைய அடி திரும்பி வந்தது. ஆகவே தானியங்கி வெட்டை முதற்கட்ட வேலையாக மட்டும் கொண்டு, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் காதால் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, தொடக்கத்தில் வெறும் அமைதியை விட்டுவைப்பது. சாம்பிளரின் தட்டும் பொத்தானாகிய பேட்டைத் தட்டியபின் 15 அல்லது 20 மில்லி செக்கன் தாமதித்து ஒலி வந்தால், வாசிப்பவர் தன் கைதான் பிந்துகிறது என்று எண்ணித் தாளத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார். குற்றம் கையில் இல்லை. திரையை உருப்பெருக்காமல் வெட்டுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 240 புள்ளி அகலமுள்ள சிறிய திரையில் 3 செக்கன் ஒலி முழுவதும் தெரிவதாக வைத்துக்கொண்டால், திரையின் ஒரு புள்ளி 12.5 மில்லி செக்கனைக் குறிக்கும். ஒரு புள்ளி தவறினாலே காதுக்குத் தெரியும் வித்தியாசம் வந்துவிடும். மெல்லிய தொடுகையுடன் வரும் அடிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தாளத்தில் விழ வேண்டியது பெரிய அடியே. ஆகையால் தொடுகையைச் சாம்பிளில் வைத்துக்கொண்டு, அடிகளை வரிசைப்படுத்தி ஒலிக்கச் செய்யும் சீக்குவென்சரில் அந்த அடியை அதே அளவு முன்னதாக நகர்த்திவிடுவது நல்லது.

வெட்டிய இடத்தில் 'டக்' என்ற சிறு ஒலி கேட்பதற்குக் காரணம், ஒலியலை அதன் நடுவே செல்லும் பூச்சியக் கோட்டில் இல்லாதபோது வெட்டியதுதான். அலை கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் இது பெரும்பாலும் நீங்கும். ஆனால் ஸ்டீரியோ பதிவில் இடது பக்க அலையும் வலது பக்க அலையும் ஒரே கணத்தில் கோட்டைக் கடப்பது அரிது. மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பதிவில் கலந்திருந்தால், 20 மில்லி செக்கனுக்கு ஒரு சுற்று என்று ஓடும் அந்தத் தாழ்ந்த அலையும் பூச்சியக் கடப்பை இடம் மாற்றிவிடும். அப்படிப்பட்ட பதிவுகளில் சரியான புள்ளியைத் தேடி மணிக்கணக்கில் அலைவதைவிட, தாழ் ஒலிகளை முதலில் வடிகட்டிவிட்டு, தொடக்கத்தில் 1 மில்லி செக்கன் அளவுக்கு ஒலியை ஏற்றிக்கொண்டு வருவதே தக்க வழி.

ஒலியின் முடிவைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது பதிவுசெய்த அடியில், தப்பின் நாதம் அடங்கிய பின்னும் மழை இரைந்துகொண்டிருக்கும். அதை நடுவில் வெட்டினால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் மழை சட்டென்று நின்று மறுபடி தொடங்குவதாகக் கேட்கும். முடிவை 100 முதல் 200 மில்லி செக்கன் வரை படிப்படியாகத் தணித்தால் அது உறுத்தாது. 1987இல் வெளிவந்த ஈ-மு எஸ்.பி.-1200 கருவியில் மொத்தமாகவே ஏறத்தாழ 10 செக்கன் ஒலிக்குத்தான் இடமிருந்தது. நாதத்தின் வாலை ஒட்ட நறுக்கும் வழக்கம் அந்த நெருக்கடிக்குப் பொருந்தியது. இன்றைய கருவிகளில் அதற்குத் தேவையே இல்லை.

தொடர்ந்து சுழலும் லூப்பின் நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டுவது இன்னொரு பிழை. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் நான்கு அடிகளுக்கு 117,600 புள்ளிகள் என்பது கணக்கில் சரிதான். ஆனால் கூத்து சூடு பிடிக்கும்போது தப்படிப்பவரின் வேகம் ஏறும். அவர் எந்தக் கருவிக்கும் கட்டுப்பட்டு அடிப்பவர் அல்லர். எனவே முடிவுக் குறியை அடுத்த சுற்றின் முதல் தொடுகைக்குச் சற்று முன்னே வைத்து, கிடைத்த நீளத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, கருவியின் வேகத்தை அதற்கு ஏற்ப அமைக்க வேண்டும். எட்டு அடிகள் 5.2 செக்கன் எடுத்தால் வேகம் ஏறத்தாழ 92.3 ஆகும்.

ஒலியின் அளவை உச்சத்துக்கு உயர்த்தும் வேலையை வெட்டுவதற்கு முன் செய்யக் கூடாது. பதிவின் ஓரத்தில் மைக்கில் கை பட்ட சத்தம் இருந்தால், அளவு அதை வைத்தே தீர்மானிக்கப்பட்டு, தேவையான அடி அமுங்கிய நிலையிலேயே இருக்கும். அதேபோல, குறிகளுக்கு வெளியே உள்ளதை நிரந்தரமாக நீக்கும் பொத்தானை அழுத்துமுன் மூலப் பதிவின் படியொன்றைச் சேமித்துவிடுங்கள்.

வெட்டி முடித்த சாம்பிளின் சுருதியை இறக்குவோர் தொடக்கத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். கால அளவை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் வசதியைப் பயன்படுத்தாவிட்டால், ஒரு ஸ்தாயி இறக்கும்போது எல்லாம் இரண்டு மடங்கு நீளும்; கவனிக்காமல் விட்ட 6 மில்லி செக்கன் அமைதி 12 ஆகும், தொடுகைக்கும் அடிக்கும் இடையிலான 30 மில்லி செக்கன் 60 ஆகித் தனித்தனி அடிகளாகவே கேட்கும். தப்பு நெருப்பில் காய்ச்சிய சிறிது நேரத்திலேயே மாசிப் பனியில் தோல் தளர்ந்து சுருதி தானாக இறங்கும் என்பதால், தாழ்ந்த சுருதி வேண்டுவோர் காய்ச்சிய உடனும் தளர்ந்த பின்னும் அடிகளைத் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால், கருவியில் சுருதியை இறக்கும் தேவை பெரும்பாலும் வராது.