ஒரே ராகம், 21 நாள்: கர்நாடக இசை கேட்கத் தொடங்குவோருக்கு

எல்லா ராகமும் ஒன்றுபோலக் கேட்கிறது என்பவர்கள் நூறு ஒலிப்பதிவுகளைச் சேர்த்தும் பயனில்லை. ஒன்றை மட்டும் எடுத்து மூன்று வாரம் கேளுங்கள். சிங்கப்பூரில் பொது நூலகத்தில் புத்தகம் எடுத்தால் இரவல் 21 நாள். கணக்கு சரியாக இருக்கும்.

ராகம் மோகனம். ஸ ரி க ப த, ஐந்தே ஸ்வரம். சீனப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. நம் ஊரில் அன்றாடம் காதில் விழும் பல சீன மெட்டுகளிலும் இதே ஐந்துதான். வேறுபடுவது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறை. ரிஷபமும் (ரி) தைவதமும் (த) அசைந்து வருவதைக் கவனியுங்கள்.

முதல் வாரம்: ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் 'நின்னுக்கோரி' வர்ணம் (ஒரு பாட்டு வகை). வாய்ப்பாட்டில் ஒரு முறை, வீணையில் ஒரு முறை. எம்ஆர்டியில் வேண்டாம், ரயில் இரைச்சலில் பின்னணியில் சுருதி தரும் தம்புரா காணாமல் போய்விடும்.

இரண்டாம் வாரம்: பாபநாசம் சிவனின் 'காபாலி', மதுரை மணி ஐயர் பாடியது. தமிழ்ப் பாட்டு என்பதால் சொல்லும் புரியும். ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. பலர் தவறுவது இங்கேதான். பாட்டின் முதல் சொல்லையே முதல் தட்டாக எண்ணிவிடுகிறார்கள். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து, அதாவது தாளத்தின் முதல் தட்டிலிருந்து, தள்ளியும் இருக்கலாம். பாடகர் தொடையில் போடும் தாளம் தெரியும் காணொளி கிடைத்தால் அதைப் பார்த்துப் பழகுங்கள்.

மூன்றாம் வாரம்: இருபது நிமிடமாவது நீளும் மோகன ஆலாபனை (பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது), கச்சேரிப் பதிவிலிருந்து. பழைய 78 இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். ராகம் வளர இடமில்லை. குரல் வழக்கத்தைவிடக் கீச்சென்று, பாட்டும் அவசரமாக ஓடினால், பிரதி எடுக்கும்போது டேப்பை வேகமாக ஓட்டியிருக்கலாம். அதே பாடகரின் வேறு பதிவோடு சுருதியை ஒப்பிடுங்கள்.

புத்தகம்? ஐயம் வரும்போது புரட்ட பி. சாம்பமூர்த்தியின் ஆங்கிலத் தொகுதிகள். இரவில் ஆறஅமர வாசிக்க உ.வே.சா.வின் 'சங்கீத மும்மணிகள்'. அந்தக் கால வித்வான்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இவ்வளவு பிரியமாகச் சொன்ன நூல் அரிது. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917) பொக்கிஷம். ஆனால் சுருதிக் கணக்குகள் நிறைந்தது, ஓராண்டு பொறுங்கள்.

21ஆம் நாள் பிலஹரி ராகம் போடுங்கள். ஆரோகணம் (ஏறும் வரிசை) மோகனமேதான். இறங்கும்போது நியும் மவும் எந்த இடத்தில் நுழைகின்றன என்று பிடித்துப் பாருங்கள்.