வேட்டிக்குள் அடங்கும் துப்பாக்கி: சின்னக் கைத்துப்பாக்கி தேர்ந்தெடுப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிற என் தாய்மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து, சோறு தின்ற கையைக் கழுவுவதற்குள் போனை நீட்டினார். அமெரிக்காக்காரன் ஒருவன் உள்ளங்கை அளவு பிஸ்டலை இடுப்பிலிருந்து உருவி உருவிக் காட்டுகிற வீடியோ. "மக்களே, லைசென்சு கைக்கு வந்தாச்சு. வெளிய தெரியப்பிடாது, கனமும் இருக்கப்பிடாது. இது கொள்ளாமா?" என்றார்.

"மாமா, அது 9 எம்.எம். நமக்குக் கிடைக்காது" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. பிறகு சாயங்காலம் வரை பேசினோம். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் இந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். லைசென்ஸ் இருப்பவர்களுக்கும், முறைப்படி விண்ணப்பம் போட்டிருப்பவர்களுக்கும் மட்டும்தான் இது. மற்றவர்கள் படித்துவிட்டுப் போகலாம், வாங்க நினைக்க வேண்டாம்.

முதலில் அந்த வீடியோக்களை மூடி வையுங்கள். கிளாக் 43, சிக் பி365 என்று அவர்கள் கொண்டாடுவதெல்லாம் 9 மி.மீ. தோட்டா போடுகிறவை. நம் நாட்டில் 9 மி.மீ., .38, .455 எல்லாம் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, குழல் துளையின் அளவு, புள்ளி வைத்தவை அங்குலக் கணக்கு) பட்டியலில் வருபவை, போலீஸும் படையும் பயன்படுத்துகிற தோட்டா வெளியே கசியக் கூடாது என்பது அதன் பின்னால் இருக்கும் பழைய கணக்கு. சாதாரணக் குடிமகனுக்கு நடைமுறையில் பெரும்பாலும் மிச்சமிருப்பது .32, அதற்குக் கீழே .22. ஆக நம் ஆட்களுக்கு எந்தக் கம்பெனி என்பது பெரிய கேள்வியே இல்லை, கடையில் இருப்பதே விரல் விட்டு எண்ணுகிற அளவு. உங்கள் இடுப்பு, உங்கள் உடுப்பு, நம் ஊர் உப்புக்காற்று, இந்த மூன்றும்தான் தேர்வு செய்யப் போகின்றன.

மறைத்து வைப்பது பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வெளியே தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டும் போகலாம், மறைத்தும் போகலாம். இங்கே அப்படி இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுப்பை மாதிரி ஒன்றுக்குள் இருக்க வேண்டும், எப்படியானாலும் முழுவதும் மூடியிருக்க வேண்டும், அது உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் சட்டையைத் தூக்கி நாலு பேருக்குக் காட்டுகிற ஆசாமிகள் லைசென்ஸுக்குத் தாங்களே உலை வைக்கிறார்கள். கொண்டாட்டம் என்று அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றமாகவே ஆகிவிட்டது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

ரிவால்வரா பிஸ்டலா என்பதை விண்ணப்பம் போடும்போதே யோசித்துவிடுங்கள், லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கடையில் கொடுப்பார்கள். பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். ரிவால்வரில் சிலிண்டர் (தோட்டா இருக்கும் சுழல் உருளை) புடைத்து நிற்கும், மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டால் அந்தப் புடைப்பு காட்டிக்கொடுக்கும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் பிஸ்டல்தான் ஜெயிக்கிறது. ஆனாலும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை கூடப் பயிற்சிக்குப் போகாதவர்களுக்கும் நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வரில் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதி) பின்னால் இழுத்து, அந்தத் தோட்டாவைத் தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும், கை நடுங்குகிற நேரத்தில் இதெல்லாம் தானாக வராது, நூறு தடவை செய்து பழகியிருந்தால்தான் வரும். போதாததற்கு சின்ன பிஸ்டல்கள் பலவற்றில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். விரல் மூட்டில் வலி உள்ளவர்கள் கடையிலேயே ஸ்லைடை இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. ரிவால்வருக்கு .32 என்றால் அது எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்கிற தோட்டா, 1896-இல் வந்தது. பிஸ்டலுக்கு .32 என்றால் ஏ.சி.பி., 7.65 மி.மீ. என்றும் சொல்வார்கள், அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங் 1899-இல் உருவாக்கியது. பெயர் ஒன்றுதான், தோட்டா வேறு. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போடக் கூடாது, கடைக்காரர் அவசரத்தில் எடுத்துத் தந்தாலும் பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

கனம்தான் எல்லோரும் கேட்பது. கான்பூரில் செய்கிற வழக்கமான .32 ரிவால்வர் முக்கால் கிலோ அளவுக்கு வரும். 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்ட நிர்பீக் டைட்டானியம் கலப்பு உலோகத்தில் செய்தது, அரைக் கிலோ, வந்த புதிதில் விலை 1,22,360 ரூபாய். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் 675 கிராம், குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. பழைய மாதிரிகளில் தோட்டா போட துப்பாக்கியையே நடுவில் மடக்கித் திறக்க வேண்டும், பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், இது பெரிய வசதி. எல்லாவற்றிலும் லேசானது மேற்கு வங்கத்து ஈஷாப்பூரில் செய்த நிடர், .22, கால் கிலோ. பிஸ்டல் வேண்டுமென்றால் அஷானி, .32.

இப்படிப் பட்டியல் போட்டதும் மாமா கால் கிலோவைத்தான் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான். ஆனால் கனம் குறையக் குறைய அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும், குழல் குட்டையாக இருந்தால் குறி பார்க்கிற இரண்டு புள்ளிகளும் நெருங்கி வந்து, சின்னக் கைப்பிசகு கூடக் குண்டை வேறெங்கோ கொண்டுபோகும். .22-இல் உதை இல்லை என்பது உண்மை, பழகுவதற்கு நல்லது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கிற கலவை நடுவில் இல்லாமல் விளிம்பில் இருப்பதால், வெடிக்காமல் போகிற தோட்டா மற்ற வகையை விட அதிகம். உயிருக்கு ஆபத்து என்று சொல்லி வாங்குகிறவர் இதை யோசிக்க வேண்டாமா? என்னைக் கேட்டால் அரைக் கிலோவுக்கும் 700 கிராமுக்கும் நடுவில்தான் நம் ஆட்களுக்குச் சரிப்படும்.

பட்டாளத்தில் நாங்கள் தூக்கிய 9 மி.மீ. பிஸ்டல் இதற்கெல்லாம் மேலே கனம், அதுவும் கான்வாஸ் பெல்ட்டில். அப்போது இளவயது, தெரியவில்லை. இப்போது யாராவது கொடுத்தால் வேண்டாம் என்பேன்.

துப்பாக்கி வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள், காசு செலவில்லை. ஒரு சின்னத் துணிப்பையில் 800 கிராம் மணலைக் கட்டி (துப்பாக்கியோடு தோட்டாவும் உறையும் சேரும், மறக்காதீர்கள்) இடுப்பில் எங்கே மாட்டப் போகிறீர்களோ அங்கே மாட்டிக்கொண்டு ஒரு வாரம் நடமாடுங்கள். கடையில் உட்காருங்கள், பைக்கில் குலசேகரம் வரை போய் வாருங்கள், குனிந்து செருப்பு போடுங்கள், பஸ்ஸில் நெரிசலில் நில்லுங்கள். மூன்றாம் நாள் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள் என்றால் துப்பாக்கியையும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியானால் வாங்காமல் இருப்பது மேல்.

நம் ஊரில் பாதிப் பேர் வேட்டி. வேட்டியில் உறையை மாட்ட எதுவும் இல்லை, மேலே தடித்த தோல் பெல்ட் கட்டித்தான் ஆக வேண்டும், அதிலும் அரைக் கிலோவுக்கு மேல் போனால் அந்தப் பக்கம் மட்டும் தொய்ந்து வரும். அதைவிடத் தொல்லை மடித்துக் கட்டுகிற பழக்கம். நாம் யோசிக்காமலேயே ஒரு நாளைக்கு எத்தனை முறை மடித்துக் கட்டி அவிழ்க்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் சட்டை நுனி மேலே ஏறும், உறை வெளியே எட்டிப் பார்க்கும். துப்பாக்கி மாட்டுகிற நாளில் பேன்ட் போடுவதே நல்லது, சட்டை ஒரு சைஸ் பெரிதாக, அடர்ந்த நிறத்தில் அல்லது கட்டம் போட்டதாக. மெல்லிய வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டினால் உள்ளே இருப்பதன் அச்சு அப்படியே தெரியும்.

அப்புறம் கோயில். சுசீந்திரத்திலும் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். எங்கே மறைப்பீர்கள்? அங்கே போகிற அன்று துப்பாக்கி வீட்டில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கட்டும், காரில் விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும், அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம், அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், லைசென்ஸ் இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது.

இன்னும் பெரிய கண்ணி கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை. லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், செக்போஸ்ட்டைத் தாண்டி பாறசாலையில் டீ குடித்தாலே நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர்தான். நமக்கு ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், சொந்தக்காரன் கல்யாணம் எல்லாம் திருவனந்தபுரத்தில், எல்லை மனதில் நிற்பதே இல்லை. மாமாவுக்கு இதுதான் புதுச் செய்தியாக இருந்தது, ரப்பர் வியாபாரத்துக்கு அவர் வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகிறவர்.

உறைக்கு நம் ஆட்கள் காசு செலவழிப்பதில்லை, ஒன்றேகால் லட்சம் கொடுத்துத் துப்பாக்கி வாங்கிவிட்டு 200 ரூபாய் ரெக்சின் பையில் போடுவார்கள். உறை டிரிகரை முழுவதும் மூட வேண்டும், தலைகீழாகப் பிடித்து உதறினாலும் துப்பாக்கி விழக் கூடாது, ஒரு கையால் திரும்ப உள்ளே போட முடிய வேண்டும். உறையே இல்லாமல் இடுப்பில் செருகுவது சினிமாவோடு நிற்கட்டும். மாட்டுகிற இடம் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால். முதுகுத்தண்டுக்கு நேராக வேண்டாம், பைக்கிலிருந்து மல்லாந்து விழுந்தால் அந்த இரும்பு நேராகத் தண்டுவடத்தில் இறங்கும். பெண்கள் கைப்பையில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைத்தால் அதற்கென்று தனி அறை, அதற்குள் உறை, சாவியும் சில்லறையும் அந்த அறையில் வரக் கூடாது, பையைக் கையை விட்டு இறக்கவும் கூடாது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்துதான் ஓடும் என்பதால் எனக்கு இது அவ்வளவு பிடித்த முறை இல்லை.

கடையில் பார்க்கும்போது: முதலில் காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா? சின்னத் துப்பாக்கிகளில் அது அந்தரத்தில் நிற்கும், உதை வரும்போது பிடி நழுவும். பிறகு கடைக்காரரிடம் கேட்டு, போலித் தோட்டா போட்டு, குழலின் நுனிமேல் ஒரு நாணயத்தை வைத்து மெதுவாக டிரிகரை இழுங்கள். நாணயம் விழாமல் ஐந்து தடவை இழுக்க முடிந்தால் அந்த டிரிகர் உங்கள் விரலுக்கு ஏற்றது. விழுந்துகொண்டே இருந்தால் எவ்வளவு லேசாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வால்தர், வெப்லி என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 1980களின் நடுவில் இறக்குமதி நின்றதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு விலை தாறுமாறு. வால்தர் பி.பி.கே. 1931-இல் வந்த மாதிரி, அருமையான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஸ்பிரிங்குக்கும், தோட்டாவை அடிக்கிற ஊசி உடைந்தால் அதற்கும் உதிரிபாகம் எங்கே தேடுவீர்கள்? பழைய ரிவால்வர் என்றால் சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேல் உட்காருகிறதா, நடுவில் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பு இல்லையென்றால் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவதுதான் வழக்கம், கீழே விழுந்தால் வெடிக்காது.

துரு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் உதிர்கிறது. இடுப்பில் மாட்டினால் வியர்வை உப்பும் சேரும். சாயங்காலம் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும், ஆறு மாசத்தில் பிசின் மாதிரி இறுகி சிலிண்டர் சுற்றவில்லை. தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். தேர்தல் சமயத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போதும் அங்கேயே நின்று குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

மாமா மணல் பையைக் கட்டிக்கொண்டு போனார். நாலாம் நாள் போன். "மக்களே, கடையில உக்காரும்போ தொந்தியில குத்துது. கொஞ்சம் பின்னால தள்ளட்டா?"

"தள்ளுங்க மாமா. பெல்ட்டையும் மாத்துங்க. இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு."