வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்காதீர்கள்

அம்மம்மா இறந்த 31ஆம் நாள் சடங்குக்கு அவரின் பெரிய படம் ஒன்று வேண்டும் என்றார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடந்த நல்ல படத்தை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, மட்டக்களப்பு நகருக்குள் இருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். 12×18 அங்குலம் என்றதும் கடைக்கார அண்ணன் படத்தைத் திறந்து பார்த்தார். "தம்பி, இது போன்ல பார்க்கத்தான் சரி. ஒரிஜினல் ஆரிட்ட இரிக்கு?"

அவர் சொன்னது நியாயம். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். என்னிடம் இருந்தது 1600×1200 பிக்சல். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. தெளிவான பிரிண்டுக்கு 300 வேண்டும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 போதும். அதே படம் 4×6 அளவுக்குக் காணும், ஏனென்றால் அதற்கு முழுத் தரமே 1800×1200தான், என்னிடம் இருந்தது அதற்குக் கிட்ட. எந்த அளவில் அடிக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் "படம் நல்ல கிளியர்தானே" என்று நினைப்பதுதான் முதல் பிழை.

பெரிதாக்கித் தரும் செயலிகளையும் முயன்று பார்த்தேன். தோல் பளபளத்தது, ஆனால் கண் அம்மம்மாவின் கண்ணாக இல்லை. கடைசியில் கல்லடியில் இருக்கும் சித்தியின் போனில் ஒரிஜினல் கிடைத்தது: 4000×3000. அதை வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் கோப்பு சுருங்காமல் வரும். எச்டி என்று தெரிவு செய்தாலும் ஓரளவு சுருங்கத்தான் செய்யும். பேஸ்புக்கில் இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது வெட்டு. போன் கமரா பெரும்பாலும் 4:3 விகிதத்தில் எடுக்கிறது. 4×6 தாளின் விகிதம் 3:2. கிடையாக எடுத்த படத்தைத் தாள் நிறைய அடித்தால் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். கல்லடிப் பாலத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு விரல் இடம்கூட விடாமல் எடுத்த படம் என்றால் உயரமான மாமாவின் நெற்றி போய்விடும். எடுக்கும்போதே சுற்றி இடம் விடுங்கள். எடுத்தாயிற்று என்றால், போனிலேயே 3:2 ஆக வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், அல்லது வெள்ளைக் கரை விட்டு முழுப் படத்தையும் அடிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு எல்லாரும் திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றித்தான் வைத்திருப்போம். அந்தத் திரையில் முகம் பளிச்சென்று தெரியும், தாளில் கறுத்துப்போகும். வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கி, நிழலில் இருந்து பார்த்துத் திருத்துங்கள். நீங்களே திருத்தியிருந்தால் கடையில் அதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களும் ஒருமுறை கலர் ஏற்றி, சேலையின் சிவப்பு அப்பிப்போய்விடும்.

ஐபோன்காரர்கள் படத்தை ஜேபெக் (JPEG) ஆக மாற்றிக்கொண்டு போவது நல்லது, ஐபோன் வழக்கமாகச் சேமிக்கும் ஹெய்க் (HEIC) கோப்பை எல்லாக் கடைக் கணினியும் திறக்காது. பென்டிரைவைக் கொடுக்கிறீர்கள் என்றால் பிரிண்டுக்கான படங்களை மட்டும் அதில் வையுங்கள். வைரஸ் ஏறி வந்தாலும் அழித்துவிட்டுப் போகலாம்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் போடும் படத்தை நான் இப்போது பளபளப்பில்லாத மேட் தாளில்தான் அடிக்கிறேன், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மட்டைக் கரை வைக்கச் சொல்கிறேன். மாரி மழைக் காலத்து ஈரத்தில் பளபளப்புத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய படம் ஒன்றைக் கழற்றப்போய், தோள்பட்டை கண்ணாடியோடு வந்துவிட்டது.