பூனையின் குடற்புழுக்கள்: அறிவதும் மருந்தளிப்பதும்

திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் பூனையை வளர்ப்பதே பெரும்பாலும் எலிக்காகத்தான். பிசான அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீடு வந்து சேரும் மாதங்களில் அது பிடித்துத் தின்னும் எலிகளின் வழியாகவே உருளைப்புழுவும் ஒருவகை நாடாப்புழுவும் அதன் குடலுக்குள் சென்றுவிடுகின்றன. ஒரு புழுவுக்குரிய மருந்து மற்றொன்றைத் தொடாமல் விடக்கூடும் என்பதால், எந்தப் புழு என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

நாடாப்புழுவைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். பூனை படுத்து எழுந்த சாக்கையும் வாலுக்கடியில் உள்ள மயிரையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், அரிசி மணி போன்ற வெண்துணுக்குகள் ஒட்டியிருக்கும். புதியவை சுருங்கி விரிந்து மெல்ல நகரும், காய்ந்தவை மஞ்சளித்துக் கடினமாகிவிடும். உருளைப்புழு சில அங்குல நீளத்தில் வெளிறிய நிறத்துடன் வாந்தியிலோ மலத்திலோ சுருண்டு கிடக்கும். இது தாய்ப்பாலிலேயே குட்டிகளுக்கு வந்துவிடுவதால், உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பிய குட்டியைக் கண்டால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். கொக்கிப்புழு பெரும்பாலும் கண்ணில் படாது. குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். மலம் கருத்து, ஈறு வெளுத்த குட்டியை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மறுநாள் வரை பொறுப்பது ஆபத்து.

ஐயமிருந்தால், அன்றைய மலத்தில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் எடுத்து, வெயில் படாமல், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுசெல்லலாம். முட்டைகள் எல்லா நாளும் மலத்தில் வெளிவருவதில்லை என்பதால், ஒருமுறை ஒன்றும் தென்படாவிட்டாலும் மருத்துவர் மறுபடி கேட்கக்கூடும். தீராத வயிற்றுப்போக்குக்குக் காரணமான ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஓரணு உயிரிகளும் நுண்ணோக்கியில்தான் அகப்படும். அவற்றுக்கு மருந்து வேறு.

உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரான்டெல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் என்பது வழக்கம். இரண்டும் சேர்ந்த பூனை மாத்திரைகளும் உண்டு. அளவு எடையைப் பொறுத்தது என்பதால், பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நாவின் மேல், பின்பகுதியில் வைத்து வாயை மூடி, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது தண்ணீர் புகட்டினால் அது உணவுக்குழாயில் ஒட்டாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தில் வேப்பங்கொழுந்தையோ பூண்டையோ பூனைக்கு அரைத்துக் கொடுக்க வேண்டாம். பூண்டு பூனையின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும்.

ஒருமுறை கொடுத்ததோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. குடலில் உள்ள புழுக்கள் செத்தாலும் திசுக்களில் தங்கிய இளம்புழுக்கள் பின்னர் குடலுக்கு வந்து சேரும். ஆகவே, குட்டிகளுக்கு மூன்றாம் வாரம் தொடங்கி, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பார்கள். வேட்டையாடும் வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தேவை. இன்னொரு வகை நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால், அதை ஒழிக்காவிட்டால் நாடாப்புழு திரும்ப வரும். ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் தடவினால் அதன் உயிருக்கே ஆபத்து.

வீட்டு வேலைக்குக் கொட்டிய மணலைப் பூனைகள் தேடிப் போகும். அதிலேயே பிள்ளைகளும் விளையாடுவார்கள். உருளைப்புழு முட்டை நோய் பரப்பும் நிலையை அடைய இரண்டு வாரமாவது பிடிக்கும் என்பதால், அன்றாடம் மலத்தை அள்ளிப் புதைத்து, மணலைத் தார்ப்பாயால் மூடி வைத்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கும்.